எண்பதைத் தாண்டினால்

ஸ்டானிஸ்லாஸ் தன் கைகள் நடுங்குவதைக் கவனித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. செமோரைத் தாண்டி ஈப்போ போகும் பெரிய சாலையில் வேன் எண்பதைத் தொட்டபோது, ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் முழங்கை வரை படபடவென்று ஆடின. மிதித்த காலை லேசாக எடுத்தார். வேகம் எழுபதுக்கு இறங்கியதும் நடுக்கம் நின்றது. மறுபடி மிதித்தார். எண்பதில் மறுபடி வந்தது. அதற்கு மேல் அவர் சோதித்துப் பார்க்கவில்லை. ஈப்போ வரைக்கும் எழுபதிலேயே ஓட்டினார்.

வேனில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் சிறுநீரகம் கெட்டுவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ஈப்போவில் ஓர் அறநிலையம் நடத்தும் இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்துக் கிடக்க வேண்டியவர்கள். செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து, தோட்டம் விற்கப்பட்ட பிறகும் பழைய தொழிலாளர் லயங்களிலும் பக்கத்து மலிவு வீடுகளிலும் தங்கிவிட்டவர்கள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனையிலும் பாதியை வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள். உள்ளே போகும் மண்சாலையை மட்டும் யாரும் வாங்கவில்லை. மழை பெய்தால் செம்மண் சக்கரத்தின் பாதி வரை ஏறும். விடியற்காலையில் அந்தச் சாலைக்குள் போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று ஆளை ஏற்றி, ஏழு மணிக்குள் மையத்தில் இறக்குவது ஸ்டானிஸ்லாஸின் வேலை.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. இந்த வேலைக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது. அதற்கு முன் லூமுட்டிலிருந்து ஈப்போவுக்கு மீன் லாரி ஓட்டினார். மீன் லாரி ஓட்டிய காலம் முழுக்கக் குடித்தார். முதலில் பீர், பிறகு கையில் கிடைத்த மலிவுச் சாராயம், சம்சு. லாரி வேலை போனது, பிறகு வேறு இரண்டு வேலைகள் போயின. ஒரு நாள் மத்தியானம் சமையலறைத் தரையில் வலிப்பு வந்து கிடந்தவரை அவர் மனைவி ஜானிஸ் ஆம்புலன்சில் ஏற்றினாள். அன்றோடு குடி நின்றது. பத்தொன்பது மாதங்களாக ஒரு சொட்டுத் தொடவில்லை.

மருத்துவமனையில் முதல் நான்கு நாட்கள் அவர் கையால் ஒரு மைலோ குவளையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தாதி ஸ்ட்ரா போட்டு வாயருகே நீட்டினாள். வெள்ளைப் போர்வையின் மேல் தன் கைகள் யாருடையவோ போலத் துள்ளிக்கொண்டிருந்ததை அவர் மறக்கவில்லை.

அதனால்தான் ஸ்டீரிங்கின் மேல் அதே துள்ளலைப் பார்த்தபோது அவருக்கு வண்டியின் நினைவு வரவில்லை. வண்டிக்கு என்ன வரப்போகிறது? முன் டயர் இரண்டும் புதியவை. போன வாரம்தான் டவுனில் ஒரு கடையில் அவரே நின்று மாற்றிக்கொண்டு வந்தார்.

அவருக்குப் பக்கத்து சீட்டில் எப்போதும் செல்லாயி உட்காருவார். ஐம்பத்தெட்டு வயது. சுத்திகரிப்புக்கு வர ஆரம்பித்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டதால் வேனில் அவருக்கு ஒரு மூப்பு இருந்தது. முன் சீட்டை வேறு யாரும் கேட்பதில்லை.

“என்னா தம்பி, இன்னிக்கு வண்டி நடந்து போவுது?” என்று கேட்டார்.

“ரோடு ஈரம்க்கா.”

“மழ விட்டு மூணு நாளாச்சு லா.”

அன்றைக்கு இருபது நிமிடம் தாமதம். ஒருவர் இயந்திரத்தில் ஏறத் தாமதமானால் அடுத்த முறைக்காரர்கள் எல்லோருக்கும் தாமதமாகும். மையத்தின் மேற்பார்வைத் தாதி பெட்ரீசியா வாசலுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

வியாழக்கிழமை அவர் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பினார். அப்படியும் கார்த்திகேசு என்ற பெரியவரை வீட்டுக்குள்ளிருந்து தாங்கிக் கூட்டிவர நேரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் எண்பத்தைந்தில் ஓட்டினார். கைகள் ஆடின. ஆட்டத்தை நிறுத்த இன்னும் இறுக்கிப் பிடித்தார். இறுக்கினால் தோள் வரைக்கும் ஏறியது. கன்னத்தில் வேர்வை இறங்கியது. செல்லாயி ஜன்னலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். மையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு செல்லாயி மட்டும் இறங்காமல் இருந்தார்.

“ராத்திரி போட்டியா?”

“இல்லக்கா.”

“எங்க வீட்டுக்காரன் பதினெட்டு வருசம் போட்டவன். காலையில அவன் கை எப்படி ஆடும்னு எனக்குத் தெரியும். யாருகிட்ட சொல்ற?”

“மாதா சத்தியமா இல்லக்கா.”

“சத்தியமும் அவன் நல்லா பண்ணுவான்” என்று சொல்லிவிட்டு செல்லாயி இறங்கிப் போனார்.

அன்று அவர்கள் இயந்திரத்தில் படுத்திருந்த நேரத்தில் ஸ்டானிஸ்லாஸ் வேனை டயர் வாங்கிய கடைக்கே ஓட்டிப் போனார். எண்பதைத் தாண்டினால் ஸ்டீரிங் ஆடுகிறது என்று சொன்னார். ‘என் கை ஆடுகிறது’ என்று டயர் கடையில் சொல்ல முடியாது. கடையில் கூட்டம். ஒருவன் முன் சக்கரங்களைக் கழற்றி, சுழற்றும் இயந்திரத்தில் மாட்டி, எடையைச் சமப்படுத்த ரிம்மின் உட்புறத்தில் ஈயத்துண்டு இரண்டு மூன்று ஒட்டி, பத்து நிமிடத்தில் திரும்ப மாட்டிவிட்டான். “ஓகே அண்ணே, சுடா செட்டல், முடிஞ்சிருச்சு” என்றான். ஸ்டானிஸ்லாஸ் திரையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டியது.

அன்று மத்தியானம் திரும்பும்போது எண்பதில் ஒன்றும் ஆடவில்லை. தொண்ணூறில் ஆடவில்லை. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். சனிக்கிழமை காலை, முந்தைய இரவு மழையில் ஊறிய மண்சாலையில் குலுங்கி வெளியே வந்து பெரிய சாலையில் ஏறியதும், எண்பதில் மறுபடி ஆட ஆரம்பித்தது.

அங்கேதான் அவர் தவறாக யோசித்தார். வண்டியின் கோளாறு என்றால் எப்போதும் இருக்க வேண்டும், ஒரு நாள் வந்து ஒரு நாள் போவது உடம்பின் கோளாறு என்று நினைத்தார். பூஜ்யம் காட்டிய இயந்திரத்தைக் கண்ணால் பார்த்தாயிற்று. அதே கடைக்குத் திங்கட்கிழமை இன்னொரு முறை போனார். அவர்கள் இந்தத் தடவை அலைன்மென்ட் பார்த்தார்கள். சக்கரம் நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று அளப்பது அது. நேராகத்தான் நின்றது. “வண்டி பழசுண்ணே, இவ்ளோதான்” என்று சொல்லி அனுப்பினார்கள். கடைக்காரர்கள் யாரும் வேனை எண்பதில் ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டிப் பாருங்கள் என்று ஸ்டானிஸ்லாசும் கேட்கவில்லை. அவர்கள் ஓட்டி, ஒன்றும் ஆடவில்லையே என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தன்னைத்தானே சோதித்துப் பார்த்தார். கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கூடத்தைச் சுற்றி நடந்தார். சிந்தவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றினார். கையை நீட்டி, புறங்கை மேல் பில்லுத்தாள் ஒன்றை வைத்துப் பார்த்தார். தாள் ஆடியது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஆடியதுபோல் இருந்தது. அப்போது ஜானிஸ் வேலை முடிந்து வந்தாள். ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவள் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். கையை நீட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்கும் கணவனைப் பார்த்தாள்.

“என்னா பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல. பேன் ஓடுதான்னு பாத்தேன்.”

அவள் நின்றுபோயிருந்த விசிறியை அண்ணாந்து பார்த்தாள். அதைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை பெட்ரீசியா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது; அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். மாதாகோயிலில் ஜானிசோடு பாடற்குழுவில் இருக்கிறாள். ஒரு குடிகாரரை நோயாளி வண்டிக்கு எடுக்கலாமா என்று நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் கேட்டபோது, நான் பொறுப்பு என்று சொன்னவள்.

“அண்ணே, உக்காருங்க. ரெண்டு பேரு வந்து சொல்லிட்டாங்க. செல்லாயிக்கா, அப்புறம் உங்க வேன்ல வர்ற துரைராஜோட மகன். கை நடுங்குதுன்னு.”

“நான் குடிக்கல சிஸ்டர்.”

பெட்ரீசியா இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய கருவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். ஊதிப் பார்க்கும் கருவி. அவள் சொல்வதற்கு முன்பே அவர் எடுத்து ஊதினார். பூஜ்யம்.

“இது எனக்குத் தெரியும்ணே. குடிச்சீங்கன்னு நான் நெனைக்கல. ஆனா நடுங்குதா, இல்லியா?”

ஸ்டானிஸ்லாஸ் கருவியை மேசை மேல் திரும்ப வைத்தார். “நடுங்குது” என்றார்.

“அப்ப டாக்டர்கிட்ட போங்க. நரம்பு டாக்டர் பாத்து லெட்டர் குடுத்தா திரும்பி வாங்க. அது வரைக்கும் நான் வேற டிரைவர் பாக்கிறேன். சனிக்கிழமை வரைக்கும் ஆள் கிடைக்காது. நாளைக்கும் சனிக்கிழமையும் மட்டும் ஓட்டிருங்க. மெதுவா ஓட்டுங்க, லேட்டானாலும் தாக் அப்பா, பரவால்ல.”

அவர் சரியென்று தலையாட்டினார். வெளியே வந்து வேனுக்குள் உட்கார்ந்து, ஸ்டீரிங்கைப் பிடிக்காமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தார்.

சனிக்கிழமை காலை பயணம் எழுபதைத் தாண்டாமல் முடிந்தது. மத்தியானம் எல்லோரையும் திரும்ப ஏற்றினார். சுத்திகரிப்பு முடிந்தவர்கள் பெரும்பாலும் பேச மாட்டார்கள். துவைத்துப் போட்ட துணி போலக் கிடப்பார்கள். செல்லாயி மட்டும் கட்டுப் போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“சிஸ்டர் என்ன சொன்னாங்க?”

“இன்னிக்குதான் கடைசி. அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஆளு.”

ஜெலாப்பாங் சமிக்ஞை விளக்கைத் தாண்டிய பிறகு செல்லாயி சொன்னார்: “காலையில கார்த்திகேசு அண்ணனுக்குச் சுகர் இறங்கிப் போச்சுன்னு மைலோ ஊத்திக் குடுத்தியே.”

“ஆமா.”

“ஃபிளாஸ்க்குலேர்ந்து அந்தத் துக்கினியூண்டு மூடியில ஊத்துன. ஒரு சொட்டு சிந்தல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டுக்காரனால அது முடியாது. குடிச்சாலும் முடியாது, குடிக்காட்டியும் முடியாது.”

செல்லாயி முன்னால் சாலையைப் பார்த்தார்.

“எண்பதுக்குப் போ.”

“வேணாம்க்கா.”

“போ லா. ரோடு காலியாத்தானே கெடக்கு.”

அவர் மிதித்தார். எழுபத்தெட்டில் ஆரம்பித்து எண்பத்தைந்தில் கைகள் படபடத்தன. கால் தானாகவே தளர்ந்தது.

“எடுக்காத, அப்படியே போ. இப்ப இந்தப் பக்கத்துக் கைய எடு. இந்த ஒரு கைய மட்டும்.”

அவர் எடுக்கவில்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் அவர் செய்யாத ஒன்று அதுதான். நடுக்கம் வந்தால் இறுக்கிப் பிடித்திருக்கிறார், வேகத்தைக் குறைத்திருக்கிறார்; ஒரு கையை விட்டுப் பார்த்ததே இல்லை. விட்டால் அது அந்தரத்திலும் துள்ளிக்கொண்டிருக்கும் என்று பயந்தார்.

“தம்பி, குடு கைய.”

இடது கையை எடுத்து நீட்டினார். செல்லாயி தன் வலது கை விரல்களால் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். செல்லாயிக்கு இப்படித் தொட்டுப் பார்ப்பது பழக்கம். ஊசி போடுவதற்காக அவருடைய இடது கையில் இரத்த நாளங்களை ஒன்றாக இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் தொட்டால் தேனீக்கூடு போல உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றுபோனால் ஆபத்து. ஐந்து ஆண்டுகளாகக் காலையில் கண் விழித்ததும் அவர் முதலில் செய்வது அந்த அதிர்வைத் தொட்டுப் பார்ப்பதுதான். எது அதிர்கிறது, எது அதிரவில்லை என்று அவர் விரலுக்குத் தெரியும்.

“ஒண்ணுமே இல்லியே” என்றார். “கல்லு மாதிரி இருக்கு.”

கையை விட்டுவிட்டு எட்டி ஸ்டீரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

“ஐயோ சாமி. இதுதானே ஆடுது! நீ எங்க ஆடுற?”

ஸ்டானிஸ்லாஸ் தன் இடது கையைப் பார்த்தார். அது இரண்டு சீட்டுக்கும் நடுவில், விட்ட இடத்திலேயே, அசையாமல் நின்றது. வலது கை ஸ்டீரிங்கோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் சிக்னல் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஒரு பேருந்து நிறுத்தத்தில் வேனை ஒதுக்கினார். பின்னால் இருந்தவர்கள் விழித்துக்கொண்டு, “என்ன, டயர் பஞ்சரா?” என்று கேட்டார்கள். அவர் என்ஜினை அணைத்தார். செல்லாயிதான் பின்னால் திரும்பி, “இருங்க, அவரு மூச்சு விட்டுக்கட்டும்” என்றார்.

எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டுப் பெட்ரீசியாவுக்குப் போன் செய்தார். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள். “சந்தோசம்ணே. ஆனா செல்லாயிக்கா தொட்டுப் பாத்தாங்கன்னு நான் கமிட்டியில சொல்ல முடியாது. வண்டியில கோளாறு இருந்துச்சு, சரி பண்ணியாச்சுன்னு யாராவது எழுதிக் குடுக்கட்டும்” என்றாள்.

பழைய கடைக்கு அவர் போகவில்லை. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கும் வேன்களுக்கும் டயர் பார்க்கும் ஒரு சீனர் கடை இருந்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு அங்கே கூட்டம் இல்லை. கடை முதலாளியான தவுக்கே முன்னால் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஸ்டானிஸ்லாஸ் விஷயத்தைச் சொன்னதும் உள்பக்கம் திரும்பி, “துளசி!” என்று கூப்பிட்டார்.

நீலக் கையுறையோடு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடியைத் துண்டால் கட்டியிருந்தாள்.

“எத்தனையில ஆரம்பிக்குதுண்ணே?”

“எண்பதுல.”

“நூறுக்கு மேல போனா?”

“போனதில்ல.”

“ஸ்டீரிங் மட்டும் ஆடுதா, சீட்டும் ஆடுதா?”

“ஸ்டீரிங்தான்.”

“பிரேக் அடிக்கறப்ப கூடுதா?”

“இல்ல.”

“அப்ப முன் சக்கரமாத்தான் இருக்கணும். பின் சக்கரம்னா சீட்டுல தெரியும்.”

அவர் தயங்கினார். “ஒரு தடவ நீங்களே ஓட்டிப் பாக்கிறீங்களா?”

“ஓட்டாம எப்படிண்ணே பாக்கறது?” என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

நெடுஞ்சாலையில் ஏறினார்கள். ஸ்டானிஸ்லாஸ் செல்லாயியின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த வேனில் அவர் அந்த சீட்டில் உட்காருவது அதுதான் முதல் தடவை. துளசி எண்பதைத் தொட்டாள். அவளுடைய மெலிந்த கைகள், கையுறை போட்ட விரல்கள், எல்லாம் படபடவென்று ஆடின. அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

“உங்களுக்கும் ஆடுதா?”

“யாருக்கும் ஆடும் லா அண்ணே” என்றாள் துளசி. “தொண்ணூத்தஞ்சுல உச்சம். நூத்திப் பத்துல கொறையுது. பேலன்சிங்தான், வேற ஒண்ணும் இல்ல.”

கடைக்குத் திரும்பி வேனைத் தூக்கி, முன் சக்கரங்களைக் கழற்றினாள். கழற்றியதும் சுழற்றும் இயந்திரத்துக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் ஒவ்வொன்றையும் தரையில் சாய்த்து உட்புறத்தைக் காட்டினாள். ரிம்மின் உள்வளைவில் செம்மண் ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்து, சுவர்ப் பூச்சு போல ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்து மொட்டையாக இருந்தது. மீதி மண்ணின் மேலேயே புதிய ஈயத்துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. விரலால் நெம்பினாள். மண்ணோடு சேர்ந்து கையில் வந்தது.

“இங்க பாருங்க. கழுவாம மண்ணு மேல ஒட்டியிருக்காங்க. மிசின்ல பூஜ்யம் காட்டியிருக்கும். அது பொய்யில்ல, அந்த நேரத்துக்கு அது சரிதான். அப்புறம் ரெண்டு குழியில விட்டு எடுத்தீங்கன்னா மண்ணு விழுந்துரும், ஈயமும் விழுந்துரும்.”

“ஒரு நாள் நல்லா இருந்துச்சு” என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

“இருக்கும்.”

இரும்புத் தூரிகையாலும் தண்ணீராலும் மண்ணை முழுக்க எடுத்தாள். அதற்கு அடியில், பழைய டயர் காலத்து ஈயத்துண்டுகள் மூன்று அகப்பட்டன. அவற்றையும் பெயர்த்துப் போட்டாள். சக்கரம் வண்டியோடு பொருந்தும் முகத்திலும் ரிம்மின் நடுத்துளையிலும் துரு கட்டியிருந்தது. துரு இருந்தால் சக்கரம் தட்டையாக உட்காராது என்று சொல்லி அதையும் தேய்த்தாள். டயர்களில் காற்றை அளந்து சரி செய்தாள். இத்தனைக்கும் பிறகுதான் சக்கரத்தை இயந்திரத்தில் மாட்டினாள். இடது சக்கரம் உள்பக்கத்தில் அறுபத்தைந்து கிராம் காட்டியது, வலது நாற்பது. துடைத்து உலர்த்திய உலோகத்தில் ஈயத்தை ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து, மறுபடி சுழற்றினாள். ஐந்து கிராம் நின்றது. ஐந்துதானே என்று அவள் விடவில்லை. ஒட்டியதை எடுத்துக் கொஞ்சம் நகர்த்தி ஒட்டினாள். பூஜ்யம். பிறகு சக்கரத்தைப் பிடி தளர்த்தி, கொஞ்சம் திருப்பி மாட்டி, இன்னொரு தடவை சுழற்றினாள். அப்போதும் பூஜ்யம் வந்த பிறகுதான் இறக்கினாள்.

பின் சக்கரங்களுக்கும் அதையே செய்தாள். திருகுகளை ஒரேயடியாக வரிசையில் முடுக்காமல், எதிரெதிராக ஒவ்வொன்றாக, முறுக்கு அளக்கும் சாவியால் முடுக்கினாள். சாவி ஒவ்வொரு தடவையும் ‘டிக்’ என்றது. ஒன்றரை மணி நேரம் ஆனது.

“இப்ப நீங்க ஓட்டுங்க” என்றாள்.

எண்பது வந்தது, போனது. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. ஸ்டீரிங் மேசை மேல் வைத்த தட்டு போல இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் பிடியைத் தளர்த்தி, விரல் நுனிகளை மட்டும் வைத்துப் பார்த்தார். நூறில் சிறிது தூரம் ஓட்டினார். பக்கத்தில் துளசி தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் பார்க்க ஒன்றும் இல்லை.

பில்லில் என்ன கோளாறு இருந்தது, என்ன செய்யப்பட்டது என்று மலாயில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதி, தவுக்கேயிடம் முத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

“எதுக்குண்ணே லெட்டர்?”

“என் கைதான் நடுங்குதுன்னு நெனச்சுட்டாங்க.” பிறகு சொன்னார்: “நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

துளசி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். ஆறுதலாக ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. “அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நட்டெல்லாம் ஒருக்கா இறுக்கிப் பாத்துக்கணும், மறந்துறாதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை பெட்ரீசியா தாளைப் படித்து, கோப்பில் வைத்தாள். வேறு டிரைவருக்குப் போன் செய்து வர வேண்டாமென்று சொன்னாள். அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. “திரும்ப இப்படி வந்தா திரும்ப இதையேதான் செய்வேன்ணே, கோவிச்சுக்காதீங்க” என்றாள். அது நியாயம் என்றுதான் ஸ்டானிஸ்லாசுக்குப் பட்டது. துரைராஜின் மகன் மட்டும் அப்பாவைத் தன் காரிலேயே கூட்டிவர ஆரம்பித்துவிட்டான். தாளைக் காட்டியும் அவன் மாறவில்லை. நோயாளியின் வீட்டில் ஒரு தடவை பயம் நுழைந்தால் எந்த முத்திரையும் அதை வெளியேற்றாது. வேனில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. இரண்டு மாதம் கழித்து அதில் வேறொருவர் வந்தார்.

தாள் கைக்கு வந்த சனிக்கிழமை மாலை அவர் அதை ஜானிசிடம் காட்டியிருந்தார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். வேலை போகவிருந்த கதையை அப்போதுதான் சொன்னார். கடைக்கு இரண்டு முறை போனது, ஊதிக் காட்டியது, செல்லாயி மணிக்கட்டைப் பிடித்தது எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவமனைப் போர்வையின் மேல் கிடந்த கைகள் நினைவுக்கு வந்ததையும் சொன்னார். அதை அவளிடம் அவர் முன்பு பேசியதில்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள் ஜானிஸ்.

“என்ன தெரியும்?”

“கையப் பத்தி ஏதோ கவலப்படுறீங்கன்னு. விசிறிக்குக் கீழ கைய நீட்டிக்கிட்டு நின்னா தெரியாதா?”

“ஏன் கேக்கல?”

“குடிச்சிருக்கீங்களோன்னு கேட்டா மனசு விட்டுப்போயிருவீங்க. அதோட, நீங்க குடிக்கல. எனக்குத் தெரியாதா, பக்கத்துல படுக்கிறவ? அதனால வேற ஏதோ வியாதின்னு நெனச்சேன்.” குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தால் மாட்டியிருந்த ஒரு சிறிய அட்டையை எடுத்து வந்தாள். அரசாங்கக் கிளினிக்கின் அட்டை. அவர் பெயர் எழுதி, வரும் வெள்ளிக்கிழமை தேதி போட்டிருந்தது. “கூட வரணும்னு அன்னிக்கு லீவும் போட்டுட்டேன்.”

ஸ்டானிஸ்லாஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது எத்தனை நாளாக அங்கே தொங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. தினமும் தண்ணீர்ப் போத்தலை எடுக்க அந்தக் கதவைத் திறக்கிறவர் அவர்தான்.

“இப்பத்தான் ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சே. கேன்சல் பண்ணிரலாமா?”

“லீவு போட்டாச்சு. போயிட்டு வருவோம்” என்றாள் ஜானிஸ்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். அட்டையைப் பார்த்துவிட்டு, என்ன செய்கிறது என்று கேட்டார். ஸ்டானிஸ்லாஸ் மனைவியைப் பார்த்தார். ஜானிஸ் அவரைப் பார்த்தாள். வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தும் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று இரண்டு பேரும் யோசித்திருக்கவில்லை.

“அவருக்கு ஒன்றுமில்லை டாக்டர்” என்று ஜானிஸ் மலாயில் ஆரம்பித்தாள். “வேனுக்குத்தான் முன் சக்கரத்தில்...” அதற்கு மேல் சொல்ல முடியாமல் சிரித்துவிட்டாள். ஸ்டானிஸ்லாசும் சிரித்தார். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரத்த அழுத்தம் அளக்கும் பட்டையை எடுத்து, கையை மேசை மேல் வைக்கச் சொன்னார். நூற்று ஐம்பது காட்டியது. உப்பைக் குறைக்கச் சொல்லி, ஒரு மாதம் கழித்து வரும்படி தேதி போட்டுக் கொடுத்தார்.